ஸ்டாண்டர்டு ஹெரால்டு: உதிரிப்பாகம் தேடுவதும் பழுது பார்ப்பதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்டாண்டர்டு ஹெரால்டு சென்னையை அடுத்த வண்டலூரில் 1961 முதல் தயாரான கார். இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டுதான் அதன் மூலம். உருவத்தை வரைந்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கெலோட்டி. 948 சி.சி. எஞ்சின், நாலு கியர், தனிச் சேஸிஸ், மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கமாகத் திறக்கும் பானெட். பிறகு நம் ஊருக்கென்றே நாலு கதவு ஹெரால்டு வந்தது. 1970களில் அதன் வழியில் கெஸல் என்ற கார் வந்தது. தயாரித்த ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1988-இல் கார் உற்பத்தியை நிறுத்தியது. இந்த வண்டியை வைத்திருப்பவர்களும் புதிதாக வாங்கியவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை.

கம்பெனியே இல்லை. உதிரிப்பாகம் எங்கே கிடைக்கும்?

கார் கம்பெனி போய்விட்டது, ஆனால் அதற்குச் சாமான் செய்த தொழில் போகவில்லை. ஹெரால்டின் மின்சாமான்கள் லூகாஸ், பிரேக் கர்லிங். இந்த இரண்டு ஆங்கிலப் பெயர்களோடும் கூட்டு வைத்து 1960களின் தொடக்கத்தில் சென்னையின் பாடி பகுதியில் லூகாஸ்-டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா என்ற தொழிற்சாலைகள் எழுந்தன. செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ் 1949 முதலே இருந்தது. அதே லூகாஸ், கர்லிங் சாமான்கள் அம்பாசடரிலும் இருந்தன, அம்பாசடரோ 2014 வரை தயாரானது. அதனால் டிஸ்ட்ரிப்யூட்டர் பாயின்ட், கண்டென்சர், ரப்பர் கப், பல்பு ஹோல்டர் போன்றவை ஹெரால்டு என்ற பெயரில் கிடைக்காவிட்டாலும் வேறு பெயரில் கடை அலமாரியில் இருக்க வாய்ப்பு அதிகம்.

சென்னையில் முதலில் போக வேண்டியது ஜி.பி. ரோடு, அடுத்தது புதுப்பேட்டை. ஜி.பி. ரோட்டில் புதுச் சாமான். பழைய வண்டிகளுக்கு விற்ற காலத்துச் சரக்கு அட்டைப்பெட்டியோடு சில கடைகளின் மாடியில் இன்னும் கிடக்கும். புதுப்பேட்டையில் கழற்றிய சாமான். கோயம்புத்தூருக்குப் போவது வாங்குவதற்கு அல்ல, செய்துகொள்வதற்கு. அங்கே வார்ப்படமும் லேத்தும் தெருவுக்குத் தெரு உண்டு. இலங்கையில் இருப்பவர்களுக்குக் கொழும்பு பஞ்சிகாவத்தை. அங்கே ஓடியவை இங்கிலாந்தில் செய்த டிரையம்ஃப் வண்டிகள் என்பதால் சிறு சிறு வித்தியாசங்கள் இருக்கும்.

கடையில் “ஹெரால்டு சாமான் இருக்கா?” என்று கேட்டாலே இல்லை என்கிறார்களே?

கேள்வியை மாற்றுங்கள். கார் பெயரைச் சொன்னால் கடைக்காரர் கம்ப்யூட்டரில் தேடுவார், அதில் ஹெரால்டு இருக்காது. அளவைச் சொன்னால் அலமாரியில் தேடுவார். பழைய வண்டிக்குச் சாமான் தேடுவதில் இதைவிடப் பெரிய விஷயம் எதுவும் இல்லை என்று நினைக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பேரிங் என்றால் அதன் வளையத்தில் எண் பொறித்திருக்கும். மண்ணெண்ணெயில் கழுவி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணுக்கு உலகம் முழுக்க ஒரே அளவுதான். எந்த வண்டிக்கு என்று கடைக்காரர் கேட்கவே மாட்டார்.

ஆயில் சீல் என்றால் மூன்று அளவு வேண்டும்: தண்டின் விட்டம், சீலின் வெளி விட்டம், கனம். இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஹெரால்டு அங்குல அளவில் செய்த வண்டி. ஒண்ணேகால் அங்குலத் தண்டு 31.75 மில்லிமீட்டர். கடையில் 32 மில்லிமீட்டர் சீலைக் கொடுத்து “இதுதான் சார், கால் மில்லிதானே” என்பார்கள். அந்தக் கால் மில்லியில்தான் ஒழுகும். அங்குல சீல் கேட்டு வாங்குங்கள். தண்டில் பழைய சீல் உட்கார்ந்த இடத்தில் பள்ளம் விழுந்திருந்தால் புது சீலும் நிற்காது. லேத்தில் கொடுத்து மெல்லிய ஸ்லீவ் ஏற்ற வேண்டும்.

யுனிவர்சல் ஜாயின்ட் கிராஸ் என்றால் கப்பின் விட்டமும், எதிரெதிர்க் கப்புகளின் முனைக்கு முனை நீளமும். பிரேக் ரப்பர் என்றால் சிலிண்டரின் துளை அளவு, முக்கால் அங்குலமா, 5/8 அங்குலமா என்று. பல சிலிண்டர்களின் உடம்பிலேயே அது வார்த்திருக்கும்.

எப்போதும் பழைய சாமானைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். விட்டம் அளக்கும் சின்ன வெர்னியர் ஒன்றும் பையில் இருக்கட்டும். எண், அளவு, எந்தக் கடையில் எடுத்தது என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். உங்களுக்குப் பிறகு அந்த வண்டியை வைத்திருக்கப் போகிறவருக்கு அதைவிடப் பெரிய உதவி கிடையாது.

இங்கிலாந்திலிருந்து வரவழைத்தால் பொருந்துமா?

நிறையப் பொருந்தும். டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற சின்ன ஸ்போர்ட்ஸ் கார் ஹெரால்டின் அடித்தளத்திலிருந்து பிறந்தது. 1962 முதல் 1980 வரை தயாராகி, அமெரிக்காவிலும் ஏராளமாக விற்றது. அதை வைத்திருப்பவர்களுக்காக இன்றும் புதிதாகச் சாமான் செய்கிறார்கள். முன்சக்கர அமைப்பு, ஸ்டியரிங் ரேக், புஷ்கள், ரப்பர்கள் எல்லாம் பெரும்பாலும் இரண்டுக்கும் பொது.

எஞ்சின் உள்சாமானில் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். குடும்பம் ஒன்று என்பதால் வெளியே பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஆனால் நம்முடைய 948 சி.சி. எஞ்சினின் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 63 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 76. ஸ்பிட்ஃபயர் எஞ்சின்களின் போர் பெரியது. பிஸ்டன், ரிங், ஹெட் கேஸ்கெட் மூன்றும் 948-க்கு என்று குறிப்பிட்டே ஆர்டர் செய்ய வேண்டும்.

பாடிச் சாமானில் நாலு கதவு வண்டிக்காரர்களுக்கு வழியில்லை. அந்தக் கதவுகள் இங்கிலாந்தில் செய்யப்பட்டதே இல்லை. கெஸலுக்கு இன்னொரு வித்தியாசம்: பின்பக்கம் நேர் ஆக்ஸில், ஹெரால்டின் பின்பக்கச் சாமான் அதற்கு ஆகாது.

சாமான் விலையோடு கூரியர், சுங்கவரி, ஜி.எஸ்.டி. எல்லாம் கூட்டிப் பார்த்துவிட்டு ஆர்டர் போடுங்கள். கனமான சாமானுக்குச் செலவு விலையைத் தாண்டிவிடும். கேஸ்கெட் செட், ரப்பர், திரஸ்ட் வாஷர் மாதிரி எடை குறைந்தவற்றை மொத்தமாக ஒரே பார்சலில் எடுப்பதுதான் கட்டுப்படியாகும்.

எந்த ஸ்பானர் வேண்டும்?

அங்குல ஸ்பானர் செட். 7/16, 1/2, 9/16 இந்த மூன்றிலேயே பெரும்பாலான வேலை முடியும். 1/2-க்கு 13-ஆம் நம்பர் ஏறக்குறையச் சரியாக உட்காரும். 7/16-க்கு 11-ஆம் நம்பர் இறுக்கமாக இருக்கும். மற்றதற்கு மில்லிமீட்டர் ஸ்பானர் போட்டால் போல்ட் தலை உருண்டுவிடும். மரை யு.என்.எஃப்., யு.என்.சி. வகை. மெட்ரிக் போல்ட்டை வலிந்து ஏற்றிவிட்டார்களா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுங்கள்.

ஓடாமல் கிடந்த ஹெரால்டு வாங்கியிருக்கிறேன். எதில் ஆரம்பிப்பது?

எஞ்சினில் ஆரம்பிக்காதீர்கள். எல்லோருக்கும் ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கும் ஆசைதான், புரிகிறது. ஆனால் ஸ்டார்ட் ஆன வண்டியை ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்காமல் யாரும் இருப்பதில்லை. முதலில் பிரேக், அப்புறம் முன்சக்கர டிரன்னியன், அப்புறம் எஞ்சினின் அடித்தண்டான கிராங்கின் ஆட்டம். இந்த மூன்றும் சரி என்று தெரிந்த பிறகு பெட்ரோல் ஊற்றலாம்.

டிரன்னியன் என்கிறார்களே, அதில் என்ன அவ்வளவு ஆபத்து?

முன்சக்கரத்தைத் தாங்கும் இரும்புத் தண்டின் அடியில் மரை இருக்கும். அந்த மரை ஒரு பித்தளை உறைக்குள் திருகி உட்கார்ந்திருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தண்டு அந்த மரைக்குள் சுழல்கிறது. அந்தப் பித்தளைத் துண்டுதான் டிரன்னியன். வண்டியின் முன்பக்க எடை அந்த மரை வழியாகவே போகிறது.

அதற்குள் எண்ணெய் இருந்தால் பல காலம் உழைக்கும். தண்ணீர் புகுந்தால் தண்டின் மரை துருப்பிடித்து மெலியும். வெளியே ஒன்றும் தெரியாது. ஒருநாள் திரும்பும்போது தண்டு முறிந்து சக்கரம் மட்கார்டுக்குள் மடங்கிவிடும்.

இதில் நம் பட்டறைகளில் நடக்கும் ஒரு வழக்கத்தை மாற்றியே ஆக வேண்டும். நிப்பிளைப் பார்த்தவுடன் கிரீஸ் அடிக்கிறார்கள். டிரன்னியனுக்குத் தேவை கிரீஸ் அல்ல, இ.பி.90 கியர் ஆயில். கிரீஸ் நாளடைவில் இறுகிப்போய் மரையின் மேல்பகுதிக்கு ஏறாது. ஏற்கெனவே கிரீஸ் அடித்த வண்டி என்றால் கழற்றி, சுத்தமாகக் கழுவி, தண்டைப் பார்த்துவிட்டு, எண்ணெயோடு திரும்பப் பூட்டுங்கள். மரையில் துருக்குழியோ, தண்டு மெலிந்த அடையாளமோ இருந்தால் தண்டையே மாற்ற வேண்டும். வெல்டு வைத்து மரை வெட்டித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். உறையை இங்கே நல்ல வெண்கலத்தில் கடைந்துகொள்ளலாம், ஆனால் தண்டுக்கு இந்தச் சமரசம் கூடாது. இடது, வலது இரண்டுக்கும் மரையின் திசை வேறு என்பதால் கழற்றும்போதே அடையாளம் போட்டு வையுங்கள்.

பின்சக்கரங்கள் மேலே அகன்றும் கீழே ஒடுங்கியும் நிற்கின்றன. பட்டை ஸ்பிரிங்கை ஏற்ற வேண்டுமா?

நீங்கள் சொல்வது ஏற்கெனவே ஏறிப்போன ஸ்பிரிங்கின் அடையாளம். ஹெரால்டில் பட்டை குறுக்கே கிடக்கிறது, ஒவ்வொரு பின்சக்கரமும் தன் அரை ஆக்ஸிலோடு தனியாக ஏறி இறங்கும். வேகமாகத் திரும்பும்போது வண்டியின் பின்பக்கம் தூக்கினால், வெளிச் சக்கரம் உள்ளே மடங்கப் பார்க்கும். இந்த வடிவமைப்பின் பலவீனமே அதுதான். ஸ்பிரிங் பட்டறையில் பழுக்கக் காய்ச்சி அளவுக்கு மீறி வளைவு ஏற்றிவிட்டால் நிற்கும்போதே சக்கரம் பாதி மடங்கின நிலையில் இருக்கும். ஆள் உட்கார்ந்த பிறகு சக்கரம் நேராகவோ, மேல்பக்கம் லேசாக உள்ளே சாய்ந்தோ நிற்க வேண்டும். பட்டறைக்காரரிடம் இதைச் சொல்லிவிட்டே வேலையைக் கொடுங்கள்.

பின் ஹப் கழற்ற நேர்ந்தால் கனமான புல்லர் வேண்டும். அது கூம்புத் தண்டில் இறுகி உட்கார்ந்திருக்கும். சுத்தியல் போட்டால் தண்டின் மரைதான் போகும்.

எஞ்சினில் முக்கியமாகப் பார்க்க வேண்டியது?

கிராங்கின் முன்பின் ஆட்டம். கிராங்க் மூன்று பேரிங்கில் சுழல்கிறது. கடைசிப் பேரிங்கின் பக்கத்தில் பிறை வடிவத்தில் இரண்டு திரஸ்ட் வாஷர்கள் இருக்கும். கிளட்ச்சை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் அந்த அழுத்தத்தைத் தாங்குவது அவைதான். சிக்னலில் கியரைப் போட்டுக் கிளட்ச்சை மிதித்தபடியே நிற்கும் பழக்கம் அவற்றைத் தின்றுவிடும். முழுக்கத் தேய்ந்தால் நழுவி ஆயில் சம்ப்பில் விழும். அதன் பிறகு கிராங்க் நேராக பிளாக்கையே உரசும். பிளாக் போனால் எஞ்சினே போனது மாதிரி.

சோதிப்பது சுலபம். எஞ்சினை அணைத்துவிட்டு ஒருவர் கிளட்ச்சை மிதிக்கட்டும், நீங்கள் முன்னால் கிராங்க் புல்லியைப் பாருங்கள். கண்ணுக்குத் தெளிவாக நகர்ந்தால் டயல் கேஜ் வைத்து அளக்க வேண்டும். 4 முதல் 8 தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை சரி. அதற்கு மேல் போனால் சம்ப்பைக் கழற்றி வாஷரை மாற்றிவிடலாம், எஞ்சினை இறக்க வேண்டியதில்லை. சற்றுக் கனம் கூடிய வாஷரும் கிடைக்கிறது. பள்ளம் வெட்டிய முகம் கிராங்கைப் பார்த்து இருக்க வேண்டும்.

சம்ப்பைக் கழற்றும்போது முன்பக்கம் ஒரு அலுமினியக் கட்டை தெரியும். அதில் ஏறும் ஸ்குருக்களின் மரை சுலபமாக அறுந்துபோகும். அறுந்திருந்தால் ஹெலிகாயில் என்ற கம்பிச்சுருள் மரை போடுங்கள், அல்லது அதை மாதிரியாகக் கொடுத்து இரும்பில் செய்துகொள்ளுங்கள்.

பின்னால் கிளட்ச் பக்கம் சொட்டு விழுகிறது என்று பலர் பயப்படுகிறார்கள். கிராங்கின் பின் சீலில் ரப்பரே கிடையாது. தண்டில் வெட்டிய சுருள் பள்ளம்தான் எண்ணெயை உள்ளே தள்ளுகிறது. ஓரிரு சொட்டு இந்த எஞ்சினின் இயல்பு. டேப்பட் இடைவெளி குளிர்ந்த எஞ்சினில் 10 தௌ.

பிஸ்டன் கிடைக்கவில்லை. என்ன செய்வது?

போரை முதலில் அளந்து பாருங்கள். ரீபோர் செய்து, அதாவது சிலிண்டரைப் பெரிதாக வெட்டி, பெரிய அளவு பிஸ்டன் போடுவது ஒரு வழி, ஸ்லீவ் இறக்கி மறுபடி 63-க்குக் கொண்டுவருவது இன்னொரு வழி. பிஸ்டன் கைக்கு வந்த பிறகுதான் போர் செய்ய வேண்டும். பிஸ்டனை அளந்து அதற்கேற்பப் போர் வெட்டுவதே முறை. பிளாக்கை வெட்டிவிட்டுப் பிஸ்டன் தேடி அலையும் வண்டிகள் நிறைய.

இன்றைய பெட்ரோல் ஒத்துக்கொள்ளுமா?

இரண்டு பிரச்சினை. 2000 பிப்ரவரியோடு நாட்டில் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது. வார்ப்பிரும்பு ஹெட்டில் நேரடியாக வெட்டிய வால்வ் சீட்டுக்கு ஈயம்தான் காப்பாக இருந்தது. எக்ஸாஸ்ட் வால்வின் இடைவெளி அடிக்கடி குறைந்துகொண்டே வந்தால் சீட் அமுங்குகிறது என்று பொருள். அடுத்து ஹெட்டை இறக்கும்போது கடினமான சீட் வளையம் பதித்துவிடுங்கள். அதற்காக மட்டும் ஹெட்டை இறக்க வேண்டாம்.

இரண்டாவது எத்தனால். 20 சதவீதக் கலப்பு இப்போது எங்கும் வந்துவிட்டது. பழைய ரப்பர் குழாய் ஊறி உதிரும், பெட்ரோல் பம்பின் டயாஃப்ரம் விறைக்கும், ஈரம் சேர்ந்து கார்புரேட்டருக்குள் வெள்ளைப் பொடி படியும். எத்தனாலைத் தாங்கும் ஆர்9 தரக் குழாய்க்கு மாற்றுங்கள். நிறுத்தி வைக்கும் வண்டி என்றால் டேங்கில் பெட்ரோலைப் பழசாக விடாதீர்கள். இஞ்சினுக்கு மிகப் பக்கத்தில் குழாய் போனால் கோடையில் பெட்ரோல் ஆவியாகி வண்டி நின்றுவிடும், எத்தனால் அதைக் கூட்டும். குழாயை எக்ஸாஸ்ட்டிலிருந்து தள்ளிக் கொண்டுபோங்கள்.

கார்புரேட்டர் சுத்தம் செய்தும் ஐடிலில் நிற்கவில்லை?

திராட்டில் தண்டைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் அந்த இடைவெளியில் காற்று புகுகிறது. எத்தனை முறை ஜெட்டைக் கழுவினாலும் தீராது. லேத்தில் துளையைப் பெரிதாக்கிப் பித்தளை புஷ் இறக்கினால் தீரும். ஜெட்டில் கம்பி விட்டுக் குத்தாதீர்கள், காற்றடித்தால் போதும்.

பிரேக்கில் எதையெல்லாம் மாற்ற வேண்டும்?

ரப்பர் என்றால் எல்லா ரப்பரும், நாலு ஹோஸ் குழாய்கள் உட்பட. ஹெரால்டின் பிரேக் ஒரே சுற்று. எங்கே ஒழுகினாலும் நாலு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். வெளியே நன்றாகத் தெரியும் ஹோஸ் உள்ளே வீங்கி அடைத்திருக்கும். மிதித்த பிறகு ஒரு சக்கரம் விடாமல் பிடித்துக்கொண்டால் முதல் சந்தேகம் அதன் மேல்தான்.

சிலிண்டருக்குள் துருக்குழி இருந்தால் புதுக் கப் போட்டுப் பயனில்லை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலோ பித்தளையிலோ ஸ்லீவ் இறக்கி, பழைய துளை அளவுக்கே ஹோன் செய்து (தேய்த்து வழவழப்பாக்கி) எடுக்க வேண்டும். பின்சக்கரச் சிலிண்டர் அதன் தட்டில் நகர்ந்துகொடுக்க வேண்டிய அமைப்பு. துருவில் இறுகிவிட்டால் ஒரு ஷூ மட்டும் தேயும். டாட் 3 அல்லது டாட் 4 திரவம் மட்டும் ஊற்றுங்கள். வேறு எந்த எண்ணெய் பட்டாலும் ரப்பர் ஊதிவிடும்.

பேட்டரி மாற்றியதும் டைனமோ சார்ஜ் ஆகவில்லை?

பாசிட்டிவ் எர்த்தா, நெகட்டிவ் எர்த்தா என்று பார்த்தீர்களா? அந்தக் காலத்து வண்டிகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனையை பாடியில் இணைத்தவை உண்டு. உங்கள் வண்டி எது என்று உறுதி செய்யாமல் பேட்டரியை மாட்டாதீர்கள். முனை மாறியிருந்தால் ஒரு ஆட்டோ எலெக்ட்ரீஷியன் டைனமோவுக்கு மறுபடி துருவம் ஏற்றித் தருவார்.

வெயிலில் சூடாகிறது. தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடச் சொல்கிறார்கள்.

வேண்டாம். ரேடியேட்டரின் செல்லை மாற்றுங்கள், பிளாக்கின் பக்கத்தில் படிந்த சேற்றைக் கழுவி எடுங்கள், இக்னிஷன் டைமிங்கைப் பாருங்கள். எப்போதும் குளிர்ந்தே ஓடும் எஞ்சினில் போர் சீக்கிரம் தேயும்.

மாருதி எஞ்சின் ஏற்றிவிடலாம் என்கிறார்கள். செய்யலாமா?

என் கருத்து, கூடாது. சட்டப்படி எஞ்சின் மாற்றத்துக்கு ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும் என்பது ஒருபக்கம். இன்னொரு பக்கம், 2021-இல் வந்த விதிப்படி முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த வண்டிகளை விண்டேஜ் வண்டியாகப் பதியலாம். 20,000 ரூபாய்க் கட்டணம், 10 ஆண்டுக்குச் செல்லும், நம்பரில் வி.ஏ. என்ற எழுத்து வரும். சேஸிஸ், பாடி, எஞ்சின் பெரிதாக மாறியிருந்தால் அந்தத் தகுதி கிடைக்காது. இந்தப் பதிவில் வண்டியை அன்றாடம் ஓட்ட முடியாது, கண்காட்சி, ரேலி, பழுதுபார்ப்பு போன்றவற்றுக்கு மட்டும்தான். அதனால் தினமும் ஓட்டுகிறவர்கள் யோசித்துச் செய்யுங்கள். ஆனால் 948 எஞ்சின் மேலே சொன்ன வேலைகளுக்கெல்லாம் இன்றும் சாமான் கிடைக்கிற எஞ்சின். அதைத் தூக்கிப் போட ஒரு காரணமும் இல்லை.

உதிரிக்காக இன்னொரு ஹெரால்டு வாங்கி வைக்கலாமா?

இடம் இருந்தால் வாங்குங்கள், ஆனால் ஆர்.சி. சரியாக இருந்து, சேஸிஸின் பக்கக் கைகள் துருவில் போகாத வண்டி என்றால் அதைக் கழற்றாதீர்கள். அதை ஓட்ட நினைக்கும் ஒருவர் இருப்பார், அவரிடம் கொடுங்கள். சேஸிஸ் போனது என்றால் முதலில் கழற்ற வேண்டியவை: பானெட், கதவுகள், கண்ணாடிகள், பம்பர், டேஷ்போர்டு மீட்டர்கள், டிஃபரென்ஷியல், முன்சக்கரத் தண்டுகள். இவைதான் லேத்தில் செய்ய முடியாதவை, அல்லது செய்யக் கூடாதவை. கண்ணாடியைத் துணியில் சுற்றி நிற்க வைத்து அடுக்குங்கள், படுக்க வைத்தால் உடையும். எஞ்சினை விற்காமல் வைத்திருங்கள், மாதம் ஒருமுறை பிளக்கைக் கழற்றி நாலு சிலிண்டரிலும் கொஞ்சம் எண்ணெய் விட்டுக் கையால் சுற்றிவிடுங்கள்.